ஜமீலா அக்கா தேடித் தந்த பெயர்

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கல்லூரிக்குக் கிளம்பி வாசல் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது ஜமீலா அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "சொல்லுங்கக்கா" என்றேன். பேசியது அவருடைய மகன் அன்வர். "அம்மா போயிட்டாங்க. விடியக்காலைல தொழுதுட்டுப் படுத்தாங்க, எழுந்திருக்கல" என்றார். என்ன கேட்பது என்று தெரியாமல், வலி ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். "இல்ல. தூக்கத்துலயே" என்றார்.

எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, நிம்மதி. இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் அவரை அறிந்த உங்களுக்கு விளங்கும். "படுத்துகினு நாலு பேர பேஜார் பண்ணக் கூடாது, அது ஒண்ணுதான் நான் கேக்கறது" என்று அவர் சொல்லாத மாதம் இல்லை. கேட்டது அவருக்குக் கிடைத்துவிட்டது.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது மேற்குத் தாம்பரத்தில் அந்த ஜெராக்ஸ் கடையின் பின்பக்கத்து மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பீர்கள். படைவீரராக இருந்த கணவர் இளம் வயதில் இறந்த பிறகு, தனக்குரிய ஓய்வூதியத்துக்காக அலைந்து அலைந்தே எல்லாப் படிவங்களையும் கற்றுக்கொண்டவர் அக்கா. அந்தப் படிப்பை வைத்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் மற்ற பெண்களுக்காக மனு எழுதினார். மேசை மேல் ஒரு பென்சிலும் ஒரு பேனாவும் இருக்கும். நாம் வாயால் சொல்வதெல்லாம் பென்சிலில் ஏறும். அதற்கு ஒரு காகிதம் வந்து சேர்ந்தால்தான் மேலே பேனாவால் எழுதுவார். "நீ சொன்னா பென்சிலு. பேப்பரு சொன்னா பேனா. கோச்சிக்காத" என்பார். புள்ளியியல் கற்பிக்கிற எனக்கு அவர் மேல் மரியாதை பிறந்தது அந்த வாக்கியத்தில்தான்.

நான் அங்கே போனது மூன்று ஆண்டுகளுக்கு முன்பு. என் அப்பா அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். இருதயத்தில் அடைப்பு இருப்பதாகச் சொல்லி, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். மருத்துவமனைக்குப் பையை அடுக்கிக்கொண்டிருந்தபோது, "எனக்கு ஒண்ணு தெரிஞ்சிக்கணும்மா. எங்கம்மாவுக்கு நான் ஒரு கை தண்ணி விட்டதில்ல" என்றார். அதைத் தவிர வேறு எதையும் அன்று சொல்லவில்லை. சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு நானே கேட்டேன்.

பீர்க்கன்கரணையில் ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்த குடும்பம் எங்களுடையது. அப்பாவைப் பெற்றவர் பெயர் மாரிமுத்து. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது பட்டாளத்தில் சேரப் பல்லாவரத்துக்குப் போய், மார்பளவு போதாதென்று திருப்பி அனுப்பப்பட்டார். ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்ததாம். ஆறு மாதம் கழித்து ஒருநாள், மறுபடியும் பட்டாளத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வீட்டைவிட்டுப் போனார். அப்போது அப்பா வயிற்றில் இருந்தார். போனவரிடமிருந்து கடிதம் வரவில்லை. அவருடைய அண்ணன் கோவிந்தன் பல்லாவரம் போய் விசாரித்தபோது, மாரிமுத்து என்று பீர்க்கன்கரணையிலிருந்து யாரையும் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். பட்டாளத்தைச் சாக்காக வைத்துப் பெண்டாட்டியை விட்டு ஓடிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. கோவிந்தனும் அதையே நம்பினார். அப்பாவுக்கு ஒன்பது வயதாகும்போது அவருடைய தாய் அஞ்சலை காய்ச்சலில் இறந்தார். அதன் பிறகு அப்பாவை வளர்த்தவர் கோவிந்தன்தான்.

தகப்பன் உயிரோடு இருக்கிற மகன் அமாவாசைத் தர்ப்பணம் செய்யக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். "உங்கப்பன் எங்கியோ ஒருத்திகூட நல்லாத்தான் கீறான். நீ கரைல நில்லு" என்று கோவிந்தன் சொல்லிவிட்டார். அதனால் தாய்க்கும் அப்பா எள்ளும் தண்ணீரும் விட முடியவில்லை. ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் உறவுக்காரர்கள் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்க, அப்பா அவர்களுடைய செருப்புகளுக்குக் காவலாக நின்றிருக்கிறார். பெரியவரான பிறகு அந்தப் பக்கமே போவதில்லை.

"அவருக்கு இன்னிக்கு நூறு வயசுக்கு மேல ஆகியிருக்கும். உயிரோட இருக்க வாய்ப்பே இல்லையேப்பா" என்றேன்.

"அது உன் கணக்கு. எனக்குச் சேதி வேணும்" என்றார் அப்பா.

எனக்கு இந்தச் சடங்குகளில் நம்பிக்கை கிடையாது. ஓடிப்போனார் என்ற கதையைத்தான் நான் நம்பியிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆண்கள் ஓடிப்போவது எல்லாக் காலத்திலும் நடப்பதுதான். போரில் இறந்தவர்களின் பட்டியல் ஒன்று இணையத்தில் இருந்தது. அதில் மாரிமுத்து என்ற பெயரில் இருந்த அத்தனை பேரையும் பார்த்தேன். எங்கள் ஊர்க்காரர் யாரும் இல்லை. என் ஊகம் உறுதிப்பட்டது. அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்ற யோசனையில் இருந்தபோதுதான், கல்லூரி அலுவலகத்தில் ஒருவர் தன் தாயின் ஓய்வூதியத்தை வாங்கித் தந்த ஜமீலா அக்காவைப் பற்றிச் சொன்னார்.

அக்கா நான் சொன்னதையெல்லாம் பென்சிலில் எழுதிக்கொண்டார். பிறகு, "இதெல்லாம் நீ கேட்டது. பாத்தவங்க யாரு கீறாங்க?" என்றார். அப்பா மட்டும்தான் என்றேன். "அப்ப நீ இன்னாத்துக்கு வந்தே? அவர இட்டுகினு வா."

அடுத்த சனிக்கிழமை அப்பாவை அழைத்துப் போனேன். அக்கா அவருக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். தகப்பனாரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தாயைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்கம்மா உங்கப்பா பேரச் சொல்லுவாங்களா?"

"அந்தக் காலத்துல எந்தப் பொம்பள சொல்லுவா? மாரியாத்தாளையே ஊராத்தான்னுதான் சொல்லும்."

"மாமனாரு பேரு?"

"சின்னப்பன். சின்னதுன்னு சொல்லாது. பொடிசுன்னு சொல்லும்."

"மச்சாண்டாரு?"

"கோவிந்தன். ஊருல பஜனை வந்து எல்லாரும் கோவிந்தான்னு கத்துவாங்க. அது வாய மூடிகினு கும்பிடும்." இதைச் சொன்னபோது அப்பா சிரித்துவிட்டார்.

"வேற? வேற எதையாவது சொல்லாம சுத்தி வளைப்பாங்களா? நெதானமா யோசிங்க." கேட்டுவிட்டு அக்கா அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பி உட்கார்ந்து, வேறு யாருடைய படிவத்தையோ நிரப்பத் தொடங்கினார். நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம். எனக்கு அப்போது கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

அப்பா மெதுவாகப் பேசினார். "கிருத்திகைக்குக் கிருத்திகை என்னக் குன்றத்தூருக்கு இட்டுகினு போகும். நடைதான். படி ஏறும்போது சனமெல்லாம் முருகா முருகான்னு சொல்லிகினு ஏறும். அது சொல்லாது. ஏறு, ஏறுன்னு என் கையப் புடிச்சி இழுக்கும். வூட்டுலயும் குன்றத்தூர்க்காருன்னுதான் பேச்சு. நான்கூடக் கேட்டேன், ஏம்மா நீ சாமி பேரச் சொல்ல மாட்டேங்கறேன்னு. முதுவுல ஒண்ணு வெச்சுது."

அக்காவின் பேனா நின்றது. "உங்க வூட்டுல முருகன்னு யாரு?"

"யாரும் இல்லியே."

"கொழுந்தன், பங்காளி, பாட்டன்?"

"இல்லம்மா."

"அப்ப ஒரு பேரு அதிகமா கீதே அண்ணே" என்றார் அக்கா.

நான் குறுக்கிட்டேன். ஒன்பது வயதில் பார்த்ததை எழுபது ஆண்டுகள் கழித்து நினைவுகூர்வது ஆதாரமாகாது, குடும்பத்தில் வேறு யாருக்காவது அந்தப் பெயர் இருந்திருக்கலாம் என்றேன். அக்காவுக்குக் கோபம் வரவில்லை. "புரொபசரம்மா, ஆதாரம் கேக்கறது ஆபீசு. எங்க தேடறதுன்னு கேக்கறவ நானு. முப்பது வருசமா இந்த மேசைல பொம்பளைங்களப் பாக்கறேன். புருஷன் பேரு இன்னான்னா கார்ட நீட்டுவாங்க, பக்கத்துல நிக்கறவங்களச் சொல்லச் சொல்லுவாங்க, வாயத் தொறக்க மாட்டாங்க. எத வுட்டுட்டுப் பேசறாங்கன்னு பாத்தா பேரு தானா வெளிய வந்துடும். பட்டாளத்துல இந்தப் பேரக் குடுத்திருப்பாரு, போயித் தேடு" என்றார்.

"நீங்க உங்க வீட்டுக்காரர் பேரச் சொல்லுவீங்களா?" என்று கேட்டேன்.

"ஃபாரத்துல ஆயிரம் தடவ எழுதிட்டேன். வாயாலயா? சீ, போம்மா" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, அவர் சொன்னது தவறு என்று நிரூபிக்க முயன்றதுதான். பீரோவிலிருந்து பழைய நிலப் பத்திரங்களை எடுத்து, மூன்று தலைமுறை ஆண்களின் பெயர்களையும் எழுதிப் பார்த்தேன். முருகன் இல்லை, முருகேசன் இல்லை, வேலனோ கந்தனோகூட இல்லை. அந்த வீட்டில் வாழ்ந்த ஒரு பெண் முருகன் பெயரைச் சொல்லாமலிருக்கப் பத்திரங்களில் எந்தக் காரணமும் இல்லை.

அதன் பிறகுதான் அந்தப் பட்டியலுக்குத் திரும்பினேன். முருகன், முருகேசன், முருகையன், முருகப்பன். தகப்பன் பெயரும் ஊரும் ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் திறந்தால்தான் தெரியும். வகுப்பில்லாத நேரங்களில் கல்லூரியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். வேறு ஊர்கள், வேறு தகப்பன்மார்கள், வேறு மனைவிகள். ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. ஒரு புதன்கிழமை பிற்பகல், திறந்த பக்கத்தில் இப்படி இருந்தது: முருகேசன், சாலை போடும் படைப்பிரிவு. சின்னப்பன் மகன். அஞ்சலை கணவர். பீர்க்கன்கரணை, செங்கல்பட்டு.

அடுத்த வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனேன். இருபத்திரண்டு ஆண்டு வேலையில் அப்படி நடந்ததில்லை.

அன்று மாலையே அச்செடுத்த தாளோடு தாம்பரம் போனேன். அக்கா அதை இரண்டு முறை படித்தார், மடித்தார். அப்புறம் முருகேசன் என்று பென்சிலில் எழுதினார். "இதுவே காகிதம்தானே?" என்றேன். "கம்ப்யூட்டர்ல கீறது காயிதமா? முத்திரையோட வரட்டும். அதுவரைக்கும் அண்ணன்கிட்ட மூச்சு வுடாத. ஒருக்கா ஏமாந்த மனுசன்" என்றார். ஆவணங்கள் இருக்கும் அலுவலகத்துக்கு அவரே மனு எழுதினார். பதில் வராததால் மூன்று முறை நினைவூட்டினார். அந்த ஐந்து மாதமும் அப்பாவோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு சொல்லாமலிருந்தது எனக்குக் கடினமாகத்தான் இருந்தது.

பதில் ஒரு பக்கத்துக்கும் குறைவுதான். முருகேசன் என்ற படைவீரர் சென்னையில் சேர்க்கப்பட்டார். அஸ்ஸாம் எல்லையில் சாலைப் பணியிலிருந்தபோது நோயால் இறந்தார். இறந்தபோது அப்பாவுக்குப் பதினொரு மாதம். தகவல், முருகேசனின் குடும்பத்தார் என்று முகவரியிட்டு ஊருக்கு அனுப்பப்பட்டது. கடைசி வரி: அப்பெயரில் ஊரில் எவரும் இல்லை என்ற குறிப்புடன் கடிதம் திரும்பி வந்தது.

அக்கா அந்த வரியின் மேல் விரலை வைத்தார். "தபால்காரன் வாசல்ல வந்து கேட்டிருப்பான். வூட்டு ஆம்பள இல்லன்னு சொல்லியிருப்பாரு. அவரு பொய் சொல்லல, அவருக்குத் தெரிஞ்ச தம்பி மாரிமுத்து. தெரிஞ்சவ உள்ள அடுப்பூதிகினு இருந்திருப்பா."

"பாட்டி ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லாம இருந்தாங்க?"

"பேர மாத்திச் சேந்தது வெளிய தெரிஞ்சா புருஷன உள்ள தூக்கிப் போட்டுடுவாங்கன்னு பயந்திருப்பா. அதுக்கு மேல, யாரும்மா அவளக் கேட்டாங்க? பல்லாவரத்துக்கு ஆம்பளைங்கதானே போனாங்க."

ஏன் பெயரை மாற்றினார் என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை. முதல் பெயரில் தள்ளிவிட்டார்கள், அதனால் வேறு இடத்தில் வேறு பெயரில் போய் நின்றார் என்பது என் எண்ணம். மனைவி கிருத்திகை தவறாமல் கும்பிட்ட சாமியின் பெயரை எடுத்துக்கொண்டார் என்று அக்கா சொன்னார். இரண்டும் பென்சிலில்தான் இருக்கின்றன.

அன்று அக்கா கோப்பில் அந்தப் பெயரின் மேல் பேனாவால் எழுதினார். பிறகு, "இப்பப் போயி சொல்லு. சாப்ட்ட அப்புறம் சொல்லு. நிக்க வெச்சிச் சொல்லாத" என்றார். அப்படியே செய்தேன். அப்பா கடிதத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நானும் அவர் முகத்தைப் பார்க்காமல் தட்டுகளை எடுத்துக் கழுவப் போனேன். கூடத்திலிருந்து வந்த சத்தத்தை முதலில் அழுகை என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "மார்பு பத்தலன்னு சொன்னாங்களே, பாத்தியா, சேந்துட்டாரு!" என்றார்.

அந்த ஆண்டு ஆடி அமாவாசைக்கு ஏரிக்கரையில் அப்பா முதல் தடவையாக உட்கார்ந்தார். முழங்கால் மடங்காததால் பிளாஸ்டிக் முக்காலி போட்டோம். புரோகிதர், "தகப்பனார் பேரு சொல்லுங்கோ" என்றார்.

"முருகேசன். வூட்டுல மாரிமுத்து."

"ரெண்டுல எதைச் சொல்லட்டும்?"

"ரெண்டும் ஒரே ஆளுதான் சாமி. ரெண்டையும் சொல்லுங்க."

பிறகு தாய்க்கு. அஞ்சலை என்று மூன்று முறை சத்தமாகச் சொன்னார். ஒரு முறை போதும் என்றார் புரோகிதர். அப்பா காதில் வாங்கவில்லை. அருகில் நின்ற எனக்குச் சடங்கின் மேல் நம்பிக்கை அன்றும் வரவில்லை. ஆனால் நான் நிறுத்தச் சொல்லவும் இல்லை.

மறுநாள் அக்காவிடம் இதைச் சொன்னபோது, "எத்தினி வருசம் கியூவுல நின்னுகினு இருந்தாங்களோ அந்தப் புருஷனும் பொண்டாட்டியும். நம்பர் வந்துச்சு, போ" என்றார். உடனே வரிசையில் இருந்த அடுத்த அம்மாவைக் கூப்பிட்டார். நான் கொண்டு போன இனிப்பைக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டார், தனக்குச் சர்க்கரை இருக்கிறதென்று. நன்றி சொல்ல இடமே தரவில்லை. உங்களில் பலருக்கும் அப்படித்தான் நடந்திருக்கும்.

இந்தக் கண்டுபிடிப்பில் ஒன்று மட்டும் என்னை விடாமல் தொந்தரவு செய்தது. கணவர் இறந்தது தெரியாமலே, பூவும் பொட்டுமாக, திரும்பி வருவார் என்று நினைத்தபடியே அஞ்சலை இறந்திருக்கிறார். இதை ஒருமுறை அக்காவிடம் சொன்னேன். "எனக்குத் தந்தி வந்துச்சு. அவளுக்கு வரல. எது நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன்மா" என்றார். அவர் தன்னைப் பற்றி என்னிடம் சொன்னது அவ்வளவுதான்.

செய்தி வந்த மறு வெள்ளிக்கிழமை அப்பாவும் நானும் பல்லாவரத்தில் அக்கா வீட்டுக்குப் போனோம். கூடத்தில் சீருடையிலிருக்கும் ஓர் இளைஞரின் படம் மாட்டியிருந்தது. கீழே எழுதியிருந்த பெயரை மூன்று ஆண்டுகளில் அன்றுதான் முதல் தடவையாகப் படித்தேன். அதை நானும் இங்கே எழுதப் போவதில்லை.

திரும்பும்போது வெள்ளிச் சந்தைக் கூட்டத்தில் ஆட்டோ நகரவில்லை. ஓட்டுநர் பேச்சுக் கொடுத்தார். "இன்னா பெரியவரே, கன்டோன்மென்ட் பக்கத்துலேர்ந்து வர்றீங்க. மிலிட்டரி பேமிலியா?"

எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அப்பா தன்னைப் பெற்றவரை "அந்த ஆள்" என்று மட்டுமே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ஜமீலா அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது என்ன என்று யாராவது கேட்டால், ஓட்டுநருக்கு அவர் சொன்ன பதிலைத்தான் சொல்வேன்.

"ஆமாம்பா. எங்க அப்பா மிலிட்டரி."